குடலின் எழுத்து, குருதியின் பெயர்

திருமணத் தகவல் மையங்கள் அச்சடித்து வைத்திருக்கும் படிவங்களில் நட்சத்திரம், இராசி, குலம் ஆகியவற்றை அடுத்து 'இரத்தப் பிரிவு' என்றொரு கட்டம் வந்து சேர்ந்து ஆண்டுகள் பலவாகின்றன. ஓட்டுநர் உரிமத்தில் அது உண்டு. கல்லூரி அடையாள அட்டையில் உண்டு. அந்த ஓரெழுத்து நம் இரத்தத்தின் இயல்பைச் சொல்கிறது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அது இரத்தத்தைவிட வயிற்றுக்கும் குடலுக்கும் நெருக்கமான எழுத்து. நாம் மருத்துவர் அல்லர். ஓமலூர்ப் பக்கத்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கிறவர். இலக்கியம் பேசும் இடத்தில் குடலுக்கும் கோழைக்கும் என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். தமிழில் குருதி என்ற சொல்லின்மீது குலம், மானம், உறவு, வீரம் என்று நாம் ஏற்றிவைத்திருக்கும் சுமை அவ்வளவும் இப்போது இந்த ஓரெழுத்தின்மீதும் வந்து அமர்ந்துவிட்டது. ஆகவே இது நம் துறைக்கு வெளியே உள்ள செய்தியன்று.

கார்ல் லான்ட்ஸ்டெய்னர் வியன்னாவில் 1900, 1901 ஆண்டுகளில் தம் ஆய்வகத்தாரின் இரத்தத்தை ஒருவருடையதோடு மற்றொருவருடையதாகக் கலந்து பார்த்தார். சில கலவைகள் திரண்டன, சில திரளவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த வகைப்பாடு. (இன்று ஓ எனப்படுவதை அவர் முதலில் சி என்றே குறித்தார். ஏபி வகை 1902இல் பிறரால் சேர்க்கப்பட்டது.) 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் திரள்வது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தேடினார்கள். தேடிய இடத்தின் பெயரே பொருளுக்கும் பெயராயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அதே பொருள்கள் உமிழ்நீரிலும் இரைப்பைச் சாற்றிலும் இருப்பது தெரியவந்தது. பின்னர் இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலான பாலூட்டிகளில் இவை குடலின் உட்பரப்பிலும் கோழையிலும் உண்டு. சிவப்பணுவின் மேல் ஏறியமர்ந்தது மனிதனும் மனிதக்குரங்குகளும் அடங்கிய கிளையில்தான். குடல் பழைய குடி. இரத்தம் பின்னால் வந்து பட்டா வாங்கிக்கொண்டது.

இந்த ஆன்டிஜென்கள் சர்க்கரைச் சங்கிலிகள். உயிரணுவின் மேற்பரப்பில் புரதத்தின் மீதோ கொழுப்பின் மீதோ வேரூன்றி வெளியே நீண்டுகொண்டிருப்பவை. வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் நடத்துகிறவர் என்பதால் நாம் இதை அந்த வழியிலேயே விளங்கிக்கொண்டோம். சங்கிலியின் நுனியில் ஃப்யூகோஸ் என்னும் சர்க்கரை வந்து சேரும்போது 'ஹெச்' உருவாகிறது. அது பகுதி. அதன்மேல் ஒரு விகுதி ஏறலாம். அசிட்டைல் காலக்டோசமைன் ஏறினால் ஏ. காலக்டோஸ் ஏறினால் பி. இரு விகுதிகளையும் இடவல்ல உடல் ஏபி. விகுதி ஏறாமல் பகுதி மட்டும் நிற்பது ஓ. ஆக ஓ என்பது தனியொரு பொருளன்று. நம் 'நட', 'வா' போல, பகுதியே சொல்லாக நிற்கும் நிலை. 1990இல் யமமோட்டோ, ஹக்கோமோரி முதலியோர் இதன் மரபணுவைப் படித்துக்காட்டினர். ஏ விகுதியை இடும் நொதிக்கும் பி விகுதியை இடும் நொதிக்கும் இடையே நான்கு அமினோ அமிலங்களே வேறுபாடு. ஓ வகையினர் பெரும்பாலோரிடம் மரபணுவில் ஓரெழுத்து விடுபட்டிருக்கிறது. அதன்பின் வரும் வாசகம் முழுதும் பொருளிழந்து, நொதியே உருவாவதில்லை. மெய்ப்புத் திருத்தி அலுத்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பகுதியை இடுவதற்கும் உடலில் இரண்டு நொதிகள் உள்ளன. ஒன்று சிவப்பணுவின் பக்கம் வேலை செய்வது. மற்றது உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை, குடல் ஆகியவற்றின் பரப்பில் வேலை செய்வது. இந்த இரண்டாவது நொதி இயங்கப் பெற்றவர்களைச் 'சுரப்போர்' எனலாம். பெரும்பாலான மக்கட்கூட்டங்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் அத்தகையோர். எஞ்சியவருக்கு இரத்தத்தில் ஏ இருந்தும் உமிழ்நீரில் இராது. பக்கவாட்டில் இன்னொரு ஃப்யூகோஸைச் சேர்க்கும் மூன்றாவது நொதியும் உண்டு. அதனால் பிறப்பவை லூயிஸ் ஆன்டிஜென்கள். இவற்றின் கதை நம் வாதத்துக்கு மிகவும் ஏற்றது. லூயிஸ் ஆன்டிஜெனைச் சிவப்பணு தானே செய்துகொள்வதில்லை. பெரும்பாலும் குடலின் பரப்பு செய்து பிளாஸ்மாவில் விடுவதை வாங்கித் தன்மேல் பூசிக்கொள்கிறது. இரத்தச் சோதனையில் தெரியும் லூயிஸ் வகை, குடல் இரவல் கொடுத்த அடையாளம்.

உணவுப்பாதை நெடுக இந்த எழுத்து எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அது ஒரே சீராக இல்லை. வாயிலும் உணவுக்குழாயிலும் அடுக்கடுக்கான தட்டை அணுக்களின் இடைப்படுகைகளில் உண்டு. இரைப்பையின் மேற்பரப்பிலும் சிறுகுடலிலும், சுரப்போராயின் நிறைய உண்டு. கணையத்தில் செரிமான நீரைச் சுரக்கும் அணுக்களிலும் உண்டு. பெருங்குடலில்தான் வியப்பு. கருவிலிருக்கும் குழந்தையின் பெருங்குடல் முழுவதிலும் இவை காணப்படுகின்றன; வளர்ந்தவரின் பெருங்குடலில் வலப்பாதி பேசுகிறது, இடப்பாதியும் மலக்குடலும் மௌனமாகிவிடுகின்றன. அதே உடல், அதே மரபணு, ஒரே குழாய். பாதி வழியில் எழுத்து நின்றுபோகிறது.

நோய் வரும்போது இந்த ஒழுங்கு குலைகிறது, அதுவும் இரு எதிர்த் திசைகளில். இரைப்பையில் புற்று தோன்றினால், இருக்கவேண்டிய ஏ, பி விகுதிகள் பல இடங்களில் உதிர்ந்துவிடுகின்றன. பகுதி மட்டும் எஞ்சுகிறது, சில வேளை அதுவும் இல்லை. இடப்புறப் பெருங்குடலில் புற்று தோன்றினாலோ, நெடுங்காலமாக மௌனமாயிருந்த இடத்தில் கருக்கால எழுத்து மீண்டும் தோன்றுகிறது. வாய்க்குள் ஏற்படும் வெண்படலங்கள் புற்றாக மாறும் வழியில் ஏ, பி எழுத்துகளை இழப்பதைக் கோபன்ஹேகனில் எரிக் டாபெல்ஸ்டீன் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய கன்னங்கள் மிகுந்த நம் மாவட்டங்களுக்கு அது தொலைவான ஆராய்ச்சியன்று. அமெரிக்காவில் இஸ்ரேல் டேவிட்சோன் 1960களில், வெட்டியெடுத்த திசுவின் சீவல்மேல் சிவப்பணுக்களைப் படியவிட்டு, எங்கே ஒட்டுகின்றன, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்து, எழுத்தை இழந்த புற்று பரவும் போக்குடையதா என்று கணிக்க முயன்றார். நேர்த்தியான முயற்சி. ஆனால் ஒரே கட்டியில் ஓரிடம் எழுத்தோடும் பக்கத்து இடம் எழுத்தின்றியும் இருக்கும். அதைக்கொண்டு ஒரு மனிதரின் ஆயுளைச் சொல்லிவிட முடியவில்லை. மருத்துவமனையின் அன்றாட வழக்கில் அந்தச் சோதனை நிலைக்கவுமில்லை. இந்த அடக்கம் ஆராய்ச்சிக்கு இருந்தது. வணிகத்துக்கு இல்லை என்பதற்குப் பின்னால் வருவோம்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையைத் தொடங்க ஓர் இடம் உண்டு: நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலக் குழுக்களில் இருந்தவர் ஹோவார்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர். முதல் பயணம் முடிந்து தெற்கே வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளர் கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு அங்கேயே பணியேற்றார். அங்கே அவர் கண்டவற்றுள் முதன்மையானது முன்சிறுகுடற் புண். அவ்வளவு பேருக்கு அவ்வளவு கடுமையாக அந்நோய் ஏன் என்று அவர் கேட்டார். தம் அறுவை அனுபவங்களை ஆர் என்பவரோடு சேர்ந்து 1936இல் எழுதினார். அங்கே மக்கள் உண்டது மரச்சீனிக் கிழங்கு. நம் சேலத்து வழக்கில் அது குச்சிக்கிழங்கு; இங்கே பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. 1960களில் மல்ஹோத்ரா என்ற இரயில்வே மருத்துவர், வடக்கே கோதுமை உண்ணும் தொழிலாளரையும் தெற்கே சோறுண்ணும் தொழிலாளரையும் ஒப்பிட்டு, தெற்கே குடற்புண் பன்மடங்கு மிகுதி என்று எழுதினார். சோற்றை மெல்லாமல் விழுங்குவதால் உமிழ்நீர் போதிய அளவு சேர்வதில்லை என்பது அவர் கருத்து. நம் வீடுகளில் காரணம் இன்னும் எளிது: மிளகாய், நேரந்தவறிய உணவு, கவலை. மருந்தும் எளிது: மணத்தக்காளிக் கீரையும் மோரும்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. அறுவை மருத்துவர் இயன் ஏர்டும் அவர் குழுவினரும் மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரட்டி, இரைப்பைப் புற்று உடையோரிடம் ஏ வகை சற்று மிகுதி என்று 1953இலும், குடற்புண் உடையோரிடம் ஓ வகை மிகுதி என்று 1954இலும் வெளியிட்டனர். இரத்தத்தின் எழுத்துக்கும் வயிற்றின் நோய்க்கும் என்ன தொடர்பு என்று பலர் நகைத்தனர். எழுத்து வயிற்றின் எழுத்து என்பதை மறந்தால் நகைக்கத்தான் தோன்றும். 2010இல் சுவீடன், டென்மார்க் நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குருதிக் கொடையாளர்களின் பதிவுகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஏர்டின் கணக்கை உறுதிசெய்தது: இரைப்பைப் புற்று, ஓ வகையினரைவிட ஏ வகையினரிடம் ஐந்தில் ஒரு பங்கு மிகுதி.

இடையில் வழக்கின் போக்கையே மாற்றியது ஒரு கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இரைப்பையிலிருந்து ஒரு சுருள் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல். இன்று ஹெலிகோபேக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமி இரைப்பையில் நிலைகொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம் எது என்பதை 1993இல் தாமஸ் போரென் குழுவினர் காட்டினர்: லூயிஸ் பி. நம் ஹெச் பகுதியோடு பக்கவாட்டு ஃப்யூகோஸும் சேர்ந்த அதே சர்க்கரை. விகுதி ஏறினால் பிடிமானத்தின் வடிவம் மாறுகிறது. அப்போது சில கிருமிகளுக்குப் பிடி வழுக்குகிறது, சிலவற்றுக்கு வழுக்குவதில்லை. பெரும்பாலும் ஓ வகையினரே வாழும் தென்னமெரிக்கப் பழங்குடியினரிடம் கிடைத்த கிருமிகள் விகுதியில்லாச் சர்க்கரையை மட்டுமே தேர்ந்து பற்றும் தனித்திறம் பெற்றிருந்தன. இன்னும் நுட்பம் ஒன்று உண்டு. தொற்றினால் இரைப்பை அழன்றுவிட்டால், நலமான திசுவில் அரிதாயிருந்த சியாலிக் அமிலம் தாங்கிய வேறுவகை லூயிஸ் சர்க்கரை பெருகுகிறது. கிருமி தன் இரண்டாவது கையை நீட்டி அதைப் பற்றிக்கொள்கிறது. நோய் திசுவின் எழுத்தை மாற்றுகிறது. மாறிய எழுத்தை நோயே படித்துக்கொள்கிறது.

இந்தியரில் பெரும்பாலோர் இக்கிருமியைச் சுமக்கின்றனர். சுமப்போர் எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆயினும் புண் வந்தவரிடம் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் இரண்டு வாரம் மருந்துகொடுத்து அகற்றினால் திரும்பத் திரும்ப வரும் புண் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இந்தச் செய்தி வந்து நாற்பது ஆண்டுகளாகியும், ஓமலூர்ச் சந்தையில் குடற்புண்ணைப் பற்றிக் கேட்டால் மிளகாயைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சென்னையில் 1980களிலிருந்து நடந்துவரும் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களின் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தது. அதைப் பற்றிய அச்சத்தையும் 'ஏ குரூப்பா நீங்கள்' என்ற கேள்வியில் கொண்டுபோய்க் கட்டுவது வீண். ஐந்தில் ஒரு பங்கு மிகுதி என்பது மக்கள்தொகைக்குச் செய்தி. தனிமனிதருக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உப்பும் புகையிலையும் கிருமியும் அதைவிடப் பெரியவை.

எழுத்தைப் பயன்படுத்தும் வேறு உயிர்களும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பிறந்த சில நாளே ஆன குழந்தைகளிடம் பரவிய ஒரு ரோட்டா வைரஸ், வளர்ந்தவரை ஏன் அவ்வளவாகத் தீண்டவில்லை என்று தேடியவர்கள் 2013இல் விடை சொன்னார்கள். அது பற்றுவது ஹெச் பகுதிகூட இன்னும் ஏறாத முன்னோடிச் சர்க்கரையை. பச்சிளங்குழந்தையின் குடலில் அதுவே மிகுதி. பகுதியும் விகுதியும் ஏற ஏற அந்த வைரஸுக்குக் கதவு சாத்தப்படுகிறது. வாந்திபேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸில் பல இனங்களோ இதற்கு நேர்மாறு: சுரப்போரைப் பற்றுகின்றன, சுரக்காதோரை விட்டுவிடுகின்றன. காலரா ஓ வகையினரைக் கூடுதலாக வாட்டும் என்பது வங்கத்துச் செய்தி. அங்கே ஓ வகை குறைந்திருப்பதற்கு அதுவும் காரணமோ என்ற ஐயம் ஆய்வாளரிடையே உண்டு. எந்த எழுத்தும் எல்லா நோய்க்கும் காப்பன்று. பல எழுத்துகள் ஓர் ஊரில் கலந்திருப்பதே அவ்வூருக்குக் காப்பு. குலத்தூய்மை பேசுவோர் கேட்க விரும்பாத செய்தி இது.

இனி வணிகம். 1996இல் பீட்டர் டி'அடமோ என்ற அமெரிக்கர் ஒவ்வொரு இரத்த வகைக்கும் ஓர் உணவுப் பட்டியல் வகுத்து நூலெழுதினார். ஓ வகை பழைய வேட்டுவ இனமாம், இறைச்சி உண்ணவேண்டுமாம். ஏ வகை உழவராம், காய்கறி உண்ணவேண்டுமாம். ஐவகை நிலமும் குறிஞ்சித் தேனும் படித்த நமக்கே திணையை இவ்வளவு கறாராக மனிதர்மேல் ஒட்டும் துணிவு வந்ததில்லை. 2014இல் டொரான்டோவில் 1,455 பேரைக் கொண்டு சோதித்தபோது, அந்த உணவுப் பட்டியல்களால் விளைந்த நன்மைக்கும் உண்பவரின் இரத்த வகைக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. காய்கறி மிகுத்து உண்டவர் எல்லோரும் நலம் பெற்றனர், எந்த எழுத்தாயினும். இருந்தும் அந்தப் பட்டியல்கள் தமிழில் வாட்ஸ்அப் வழியே வலம்வந்துகொண்டிருக்கின்றன. அது விளையாட்டாகவே போகட்டும். கொஞ்சம் கீரை கூடுதலாகத் தின்பதால் கெடுதியில்லை.

நமக்குச் சினம் வருவது வேறொன்றில். சிஏ 19-9 என்றொரு இரத்தச் சோதனை. ஃபிலடெல்ஃபியாவில் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கி குழுவினர் பெருங்குடற் புற்று அணுக்களைக்கொண்டு உருவாக்கிய ஒரு எதிர்ப்பொருளிலிருந்து 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தது. அது கண்டுபிடிக்கும் பொருள் எது என்று பார்த்தால், மீண்டும் நம் பழைய உறவினர்: சியாலிக் அமிலம் ஏறிய லூயிஸ் ஏ. கணையப் புற்றிலும் பித்தநாளப் புற்றிலும் இது இரத்தத்தில் பெருகும். நோய் உறுதியானவரிடம் சிகிச்சையின் பயனைத் தொடர்ந்து பார்க்க இது நல்ல கருவி. நலமாயிருப்பவரிடம் புற்றைத் தேட இது கருவியே அன்று. மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்கள் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆனால் முழு உடல் பரிசோதனைத் திட்டங்கள் சிலவற்றில், 'கேன்சர் டெஸ்ட்' என்று தலைப்பிட்டு இதையும் ஒரு வரியாகச் சேர்த்து விற்கிறார்கள்.

நம்மோடு பணிபுரியும் நண்பர் ஒருவரின் தாயார் அப்படியொரு தாளோடு வீடு வந்தார். 37க்குள் இருக்கவேண்டிய எண் அதைப்போல் பல மடங்கு, தடித்த எழுத்தில். விளக்க ஒரு வரி இல்லை. அந்த வீட்டில் மூன்று வாரம் யாரும் சரியாக உண்ணவில்லை. காட்டை விற்பது பற்றிக்கூடப் பேச்சு வந்தது. பித்தநாளத்தில் ஒரு கல். அதனால் மஞ்சள் காமாலை; காமாலையால் எண் ஏறியது. கல்லை எடுத்தபின் எண் தானே இறங்கிவிட்டது. பித்தநாள அடைப்பிலும் கணைய அழற்சியிலும் இந்த எண் ஏறும் என்பது சோதனை செய்தவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல.

அச்சமாவது நாலு பேரிடம் கேட்கச் செய்யும். பொய்யான ஆறுதல் அதைவிடக் கொடியது. லூயிஸ் நொதி இயங்காதவர்கள் உண்டு; நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை, சில மக்கட்கூட்டங்களில் அதற்கும் மேல். அவர்கள் குடல் லூயிஸ் ஏ எழுத்தை எழுதவே எழுதாது. எனவே கணையம் முழுதும் புற்று பரவினாலும் அவர்களிடம் சிஏ 19-9 பெரும்பாலும் ஏறாது. தாளில் 'இயல்பு' என்றே வரும். சுரப்போரிடம் எண் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்தும் சுரக்காதோரிடம் உயர்ந்தும் இருக்கும். காரணம் நம் உறுப்பிலக்கணத்திலேயே இருக்கிறது: ஹெச் பகுதியை இடும் நொதி இயங்கினால் மூலச் சங்கிலிகளில் பெரும்பங்கு அந்த வழியில் செலவாகிவிடும், லூயிஸ் ஏக்குக் கிடைப்பது குறையும். இவ்வளவு வேறுபாடு உள்ள மனிதர்களுக்கு 37 என்ற ஒரே அளவுகோல். தென்னிந்தியாவில் இளவயதிலேயே கணையத்தில் கல் விழும் ஒருவகை நாட்பட்ட அழற்சி உண்டு; அதன் வழியே புற்று வரும் வாய்ப்பு மிகுதி என்று சென்னை மருத்துவர்களும் பிறரும் 1994இல் எழுதினர். (அந்த அழற்சிக்கு நம் குச்சிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், பின்வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மரபணுக் காரணங்கள் வெளிப்பட்டன. கிழங்கு பிழைத்தது.) அத்தகைய நோயாளி ஒருவர் மலிவுத் திட்டத்தில் வந்த 'இயல்பு' என்ற சொல்லை நம்பி வயிற்றுவலியைப் பொறுத்துக்கொண்டால் என்னவாகும்?

அந்தத் தாள் ஆங்கிலத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாரமங்கலத்துத் தறிக்காரர் ஒருவர் அதைத் தம் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். மகன் எண்ணைப் படிப்பான், தடித்த எழுத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான். தமிழில் சொற்கள் இல்லையா? இருக்கின்றன, வேண்டுமளவுக்கு மேலேயே. நம் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்பதை ஈழத்தார் பிறபொருளெதிரி என்கிறார்கள்; 'பிற' என்பதை உள்ளே வைத்த அந்தச் சொல் நமக்கு மிகவும் பிடிக்கும். சொல்லாக்கத்தில் நாம் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கை, 'இந்த எண் ஏறினால் புற்று என்று பொருளில்லை, இறங்கினால் இல்லை என்றும் பொருளில்லை' என்ற எளிய வாக்கியத்தை அந்தத் தாளின் அடியில் தமிழில் அச்சிடச் செய்வதில் செலவிட்டிருக்கலாம். ஆய்வகங்களுக்கு அரசு பதிவும் நெறிமுறையும் வகுக்கிறது. நோய் இல்லாதவர்க்கு விற்கப்படும் புற்றுக்குறி சோதனைகளோடு தமிழ் விளக்கம் கட்டாயம் என்று அந்நெறிமுறையில் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமன்று.

திருமணப் படிவத்தின் கட்டத்துக்கு வருவோம். ஒரே இரத்த வகையினர் மணக்கக் கூடாது என்ற நம்பிக்கை நம் பகுதியில் வேரூன்றிவிட்டது. அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஆர்ஹெச் நெகட்டிவ் பெண்ணுக்கும் பாசிட்டிவ் ஆணுக்கும் பிறக்கும் குழந்தை பற்றிய கவனம் மட்டுமே மெய்யானது. அதற்கும் கருக்காலத்திலும் பேறுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும் போடும் ஊசி உண்டு. (ஆர்ஹெச் சர்க்கரையன்று, புரதம், குடலின் பரப்பில் அதற்கு இடமில்லை.) நல்ல பெண்ணை 'ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ்' என்று தட்டிக்கழிக்கும் அதே குடும்பங்கள், அக்காள் மகளைக் கட்டுவதில் குருதி நெருங்குவதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. கேட்கவேண்டிய இடம் அதுவே.

1952இல் பம்பாயில் பெண்டே முதலிய மருத்துவர்கள் எந்த வகையிலும் அடங்காத இரத்தமுடைய மூவரைக் கண்டறிந்தனர். அவர்களிடம் ஏ இல்லை, பி இல்லை, ஓ வகையினர் அனைவரிடமும் உள்ள ஹெச் பகுதியும் இல்லை. விகுதி குன்றியதன்று, பகுதியே இல்லாத சொல். அதுவே இன்று 'பாம்பே வகை' எனப்படுவது. இந்தியரிடம் காணும் வடிவில் இரு நொதிகளும் ஒருங்கே பழுது: சிவப்பணுவுக்கு உரியதில் ஒரு திரிபு, குடலுக்கு உரியதோ மரபணுவிலிருந்தே அழிந்துபோயிருக்கிறது. ஆகவே அவர்கள் இரத்தம் மட்டுமன்று, உமிழ்நீரும் இரைப்பையும் குடலும் முற்றிலும் எழுத்தற்றவை. அவர்களுக்கு அதனால் நோயொன்றும் இல்லை. நம்மைப்போல் உண்டு செரித்து வாழ்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர், ஐரோப்பாவில் பத்து இலட்சத்தில் ஒருவர் என்பர். தாய் தந்தை இருவரிடமும் அதே பழுது மறைந்திருந்தால்தான் குழந்தையில் வெளிப்படும். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

அவர்களை ஆபத்து சந்திக்கும் இடம் ஒன்றே. ஏ, பி இரண்டுக்கும் மட்டும் பார்க்கும் மேலோட்டமான சோதனையில் அவர்கள் ஓ என்றே தெரிவார்கள். அடையாள அட்டையிலும் படிவத்திலும் ஓ என்றே எழுதப்படும். ஆனால் அவர்கள் பிளாஸ்மாவில் ஹெச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் காத்திருக்கிறது. ஓ இரத்தம் ஏற்றினால் அது அவ்வளவும் சிதையும். பிளாஸ்மாவை ஓ அணுக்களோடு சேர்த்தும் சோதிக்கும் இரத்த வங்கியில், அல்லது கொடுப்பவர் இரத்தத்தையும் பெறுபவர் இரத்தத்தையும் ஒழுங்காகப் பொருத்திப் பார்க்கும் இடத்தில் இது தப்பாது. பிரசவ அவசரத்தில் 'அட்டையில் ஓ என்று இருக்கிறதே' என்று விரைவோரைத் தடுத்து, பொருத்திப் பார்த்த பிறகே ஏற்றுவோம் என்று நிற்கும் செவிலியரோடு சண்டையிடும் உறவினர்களை நம் ஊர்களில் காணலாம். பெற்ற தாய் ஓ வகையாயிருந்து, மகன் பாம்பே வகையாயிருந்தால், அந்தத் தாயின் இரத்தம் மகனைக் கொல்லும். ஒரே குலம், ஒரே வீடு, ஒரே வயிற்றுப் பிறப்பு எதுவும் அங்கே உதவாது. உதவக்கூடியவர் இன்னொரு பாம்பே வகையினர். அவர் எந்தச் சாதியாகவும் எந்த மாநிலமாகவும் இருக்கலாம். உடன்பிறந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் அதே வகை அமைய வாய்ப்புண்டு என்பதால், ஒருவருக்குக் கண்டறியப்பட்டதும் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளையும் அழைத்துச் சோதித்து, அரியவகைக் கொடையாளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் குலம் என்றொரு கட்டம் கிடையாது.